எறும்பும் டோலியும்

வெள்ளகவிக்குப் போகிறவர்கள் ஊர் எல்லையிலேயே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். வட்டக்கானலிலிருந்து சோலையும் பாறையும் மாறி மாறி வரும் ஒற்றையடிப் பாதையில் இறங்கி வந்தாலும் சரி, பெரியகுளத்தை அடுத்த கும்பக்கரை அருவியிலிருந்து மூச்சிரைக்க ஏறி வந்தாலும் சரி, அம்மண் முழுவதும் தெய்வங்களுக்கு உரியது என்ற நம்பிக்கையினால் அங்கே ஆண், பெண், குழந்தை என்ற பேதமின்றி அனைவரும் வெறுங்காலோடு நடக்கிறார்கள். வீடுகளுக்கு நடுவே கோயில்களா, கோயில்களுக்கு நடுவே வீடுகளா என்று புதிதாக வந்தவர் தடுமாறும்படி பீடங்களும் சந்நிதிகளும் அடுத்தடுத்து நிற்கின்றன. காப்பியும் மிளகும் விளைகிற அச்சரிவில், விளைந்ததை விற்பதற்கும், விளையாததை வாங்குவதற்கும், பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் வைத்தியரிடம் காட்டுவதற்கும் தலைமுறை தலைமுறையாக நடையைத் தவிர வேறு கதி இருந்ததில்லை.

இம்மலையின் சரித்திரத்தில் அச்சிற்றூருக்கு ஒரு தனியிடம் உண்டு. 1821-ஆம் ஆண்டில் பழனி மலைகளை அளந்துவரப் புறப்பட்ட வார்ட் என்ற ஆங்கிலப் படை அதிகாரி, குன்னுவர் என்னும் குடியினர் வாழ்ந்த இந்த வெள்ளகவியிலிருந்துதான் மேலே ஏறினார். அதற்குக் கால் நூற்றாண்டுக்குள், மதுரையில் பணியாற்றிய அமெரிக்க மிஷனைச் சேர்ந்தவர்கள், சமவெளியின் வெப்பத்துக்கும் தொற்று நோய்களுக்கும் தம்மவர்களையும் தம் குழந்தைகளையும் பறிகொடுத்து மனம் நொந்து, எஞ்சிய பிள்ளைகளாவது பிழைத்திருக்க ஓர் இடம் வேண்டுமென்று தேடி மலையேறி, 1845-இல் முதல் இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். கோடைக்கானல் என்று இன்று உல்லாசத்தின் பெயராக வழங்கும் நகரம், பிள்ளைகளின் மரணத்தைக் கண்ட பெற்றோரின் அச்சத்திலிருந்து பிறந்தது. அந்த ஏரிக்கரையில் நடக்கும்போதெல்லாம் எனக்கு இந்த நினைவு வராமல் இருப்பதில்லை.

அக்காலத்தில் துரைமாரும் அவர்களுடைய மனைவி மக்களும் பெரியகுளத்துப் பக்கத்து அடிவாரத்திலிருந்து நாற்காலியிலும் டோலியிலும் அமர்ந்து, மலைவழி அறிந்த சுமைகாரர்களின் தோள்மீது மேலே வந்தார்கள். பின்பு வத்தலக்குண்டு வழியாக மலைச்சாலை அமைந்து, இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தில் மோட்டார் வண்டிகளும் ஏறத் தொடங்கியபோது, பழைய நடைவழிகளை உலகம் மறந்தது. டோலி மட்டும் மறையவில்லை. துரைமாரைச் சுமந்த அச்சாதனம், சாலை எட்டாத ஊர்களின் நோயாளிகளைச் சுமக்கும் சாதனமாக இம்மலைகளில் நிலைத்துவிட்டது. பிரசவ வேதனை கண்ட பெண்ணையும், பாம்பு தீண்டியவரையும், மரத்திலிருந்து தவறி விழுந்தவரையும், உறுதியான கம்பில் போர்வையைத் தூளி போலக் கட்டி அதில் கிடத்தி, ஊர் இளைஞர்கள் தோள் மாற்றித் தோள் மாற்றிக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வழக்கம், மலைவாசிகளின் தருமங்களில் முதன்மையானது. ஆனால் டோலி கட்டுவதற்கு முன்னால் வீட்டில் ஒரு தீர்மானம் பிறக்க வேண்டும். இந்த வியாதி இங்கே தீராது, கீழேயோ மேலேயோ கொண்டுபோயாக வேண்டும் என்று ஒருவர் வாய்திறந்து சொல்ல வேண்டும். பாம்புக்கடிக்கு அதைச் சொல்ல ஒரு நிமிஷம் போதும். அத்தீர்மானத்தை நாட்கணக்கில் ஒத்திப்போட வைத்து, பெற்றோரின் கண்ணெதிரிலேயே பிள்ளையைக் கரைக்கிற வியாதி ஒன்று உண்டு. இளங்குழந்தைகளுக்கு வரும் நீரிழிவு அது. அதை மனிதர் அடையாளம் கண்டுகொண்ட நீண்ட கதையைத்தான் இங்கே சொல்ல முற்படுகிறேன்.

நாலு வயதுப் பிள்ளை ஒன்று இம்மலை வீட்டில் வளர்கிறது என்று வைத்துக்கொள்வோம். படுக்கையை நனைக்கும் வழக்கத்தை அது விட்டு ஒரு வருஷம் ஆகியிருக்கும். திடீரென்று ஒரு வாரமாக விடிகாலையில் பாய் நனைந்திருக்கிறது. இரவில் இரண்டு தடவை எழுந்து தண்ணீர் கேட்கிறது. பகலிலும் பானையை விட்டு நகர்வதில்லை. மருமகள் கவலையோடு சொன்னால், அப்பத்தா, "குளிருக்குப் போறான் தாயி, விடு" என்கிறாள். அவள் சொல்வது அறியாமையன்று. மலைக்குளிரில் சிறுநீர் மிகுவது உண்மையே, எழுபது வருஷ அனுபவம் அவளுக்கு அதைக் கற்றுக்கொடுத்திருக்கிறது. பிள்ளை பசியோடு சாப்பிடுகிறது. ஆயினும் தோளெலும்பு தெரிகிறது. விளையாட்டில் மனம் செல்லாமல் திண்ணையில் சாய்ந்துகொள்கிறது. ஓய்ந்து கிடக்கிறதே என்று மலைத்தேனும், கடையில் வாங்கிய குளுக்கோஸ் மாவும் கரைத்துக் கொடுக்கிறார்கள். பாசத்தினால் செய்யும் அச்செயலே ஏற்கெனவே சர்க்கரையில் மூழ்கியிருக்கும் இரத்தத்தில் மேலும் சர்க்கரையைச் சேர்க்கிறது. பின்பு ஒரு நாள் வாந்தி, வயிற்று வலி, நெஞ்சு ஏறி இறங்க ஆழ்ந்து வேகமாக மூச்சு வாங்குகிறது. அதையும் குளிரினால் வந்த சளியென்றும் இழுப்பென்றும் கொள்ளத் தோன்றும். அந்த மூச்சில் கனிந்த பழத்தின் வாசனை போல ஒன்று வீசுவதை அருகில் குனிந்து முத்தமிட்டவர் அறியலாம். அப்போது டோலி கட்டுகிறார்கள். பிள்ளையோ கண் திறப்பதில்லை.

நமது வீடுகளில் இளைக்கும் குழந்தையைக் குறிக்கச் சொற்கள் இல்லாமலில்லை. அடுத்த பிள்ளை வயிற்றில் தங்கியபின் மெலியும் குழந்தையைச் சவலை என்றார்கள்; மாந்தம் என்றார்கள், கணை என்றார்கள், தோஷம் தட்டியது என்றார்கள், கண்ணேறு என்றார்கள். பாலவாகடம் என்று பெயர் பெற்ற குழந்தை வைத்தியச் சுவடிகள் இந்நோய்களை வகை வகையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் கஷாயமும் எண்ணெயும் பஸ்பமும் விதித்திருக்கின்றன. நீரிழிவையும் உள்ளடக்கிய மேகநோய் பற்றிய ஞானமோ வேறொரு பெட்டியில், பெரியவர்களின் வியாதி என்ற தலைப்பின் கீழ் இருந்தது. மெலிந்த பிள்ளையைச் சவலை என்று அழைத்த வாய்க்கும், நீரிழிவு என்று உச்சரித்த வாய்க்கும் இடையே பேச்சு நிகழவில்லை என்பதே என் அபிப்பிராயம். சொல் கிடைத்தவுடன் விசாரணை நின்றுவிடுகிறது. சவலை என்று பெயரிட்ட பின் அப்பிள்ளை எத்தனை செம்பு தண்ணீர் குடித்தது என்று எண்ணுவோர் யார்?

இத்தனைக்கும் நம் முன்னோர் இந்த வியாதியின் குறியைக் கண்டு சொல்வதில் உலகில் எவருக்கும் பின்னிட்டவர் அல்லர். சரகரின் பெயரால் வழங்கும் கிரந்தம், வரவிருக்கும் மேகநோயின் முன்னறிகுறிகளைச் சொல்லும்போது, நோயாளியின் சிறுநீரை மட்டுமன்றி அவனது உடலையும் எறும்பும் வண்டும் நாடி வரும் என்று கூறுகிறது. மேகம் இருபது என்று கணக்கிட்டு, வாதத்தில் நான்கும் பித்தத்தில் ஆறும் கபத்தில் பத்துமாகப் பகுத்து, அவற்றில் தேனைப் போன்ற நீர் கழிவதை மதுமேகம் என்றழைத்தனர். சுசுருதர் அதற்கும் ஒருபடி மேலே சென்றார். பிறவியோடு வருவது, தகாத ஆகாரத்தினால் வருவது என்று இருவகைப்படுத்தி, முதல் வகையினர் மெலிந்து, வறண்டு, தாகம் மிகுந்திருப்பர் என்றும், இரண்டாம் வகையினர் பருத்து, மிகுதியாக உண்டு, உறக்கத்தில் நாட்டமுடையவராக இருப்பர் என்றும் எழுதிவைத்தார். 1936-இல் இங்கிலாந்தின் ஹிம்ஸ்வொர்த் என்ற மருத்துவர், இன்சுலினுக்கு எளிதில் இணங்கும் நீரிழிவு ஒன்று, இணங்காத நீரிழிவு ஒன்று என்று சோதனை செய்து பிரித்துக் காட்டியதைப் படிக்கும்போது, அந்தப் பழைய பகுப்பின் நிழல் அதில் விழுவதைக் காணாமல் இருக்க முடியவில்லை. இரண்டும் ஒன்றே என்று சாதிப்பது என் நோக்கமன்று. மெலிந்தவனுக்கும் பருத்தவனுக்கும் ஒரே பெயருடைய இரு வேறு நோய்கள் வரலாம் என்ற கூரிய பார்வை இந்நாட்டில் இருந்தது என்பதே சொல்லத்தக்கது.

தமிழ்ச் சித்தர்களோ சிறுநீரைப் படிப்பதை ஒரு சாஸ்திரமாகவே வளர்த்தனர். நீர்க்குறி, நெய்க்குறி என்று தேரையர் பெயரோடு வழங்கும் அம்முறையில், விடியற்காலை நீரின் நிறம், மணம், நுரை, எடை ஆகியவற்றைப் பார்த்துவிட்டு, அதன்மேல் ஒரு துளி எண்ணெயை விட்டு, அது நெளிந்து நீளுகிறதா, வட்டமாக விரிகிறதா, திரண்டு நிற்கிறதா என்று நோக்கி நோயின் தன்மையை நிர்ணயித்தார்கள். அம்முறை இன்றைய ரசாயனப் பரிசோதனைக்கு ஈடாகாது. ஆனால் உடலிலிருந்து வெளியேறும் நீரை அருவருத்து ஒதுக்காமல், அது ஒரு செய்தியைக் கொண்டுவருகிறது என்று நின்று பார்த்த மனோபாவம் மிக உயர்ந்தது. அந்த மனோபாவத்தின் எளிய வடிவமே நம் கிராமங்களில் இன்றும் உயிரோடிருக்கும் வழக்குமொழி: மூத்திரத்தில் எறும்பு மொய்த்தால் சர்க்கரை.

மேற்கிலும் இதே வழியில்தான் அறிவு நடந்தது. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கப்படோசிய நாட்டு அரிடேயஸ், தசையும் அங்கங்களும் உருகிச் சிறுநீராக ஓடும் நோய் என்று இதை வருணித்தார். நீரிழிவு என்ற நம் சொல்லை அவர் கேட்டிருந்தால் தலையசைத்திருப்பார். 1674-இல் ஆங்கில வைத்தியர் வில்லிஸ் அந்நீர் இனிக்கிறது என்று எழுதினார். ஒரு நூற்றாண்டு கழித்து, 1776-இல், லிவர்பூல் நகரத்து டாப்ஸன் அதைக் காய்ச்சி வற்றவைத்து, எஞ்சியது சர்க்கரையே என்று காட்டினார். 1869-இல் லாங்கர்ஹான்ஸ் என்ற இளம் ஜெர்மானிய மாணவர் கணையத்துக்குள் சிறு தீவுகள் போன்ற அணுக்கூட்டங்களைக் கண்டார். 1889-இல் மின்கோவ்ஸ்கி, மேரிங் என்ற ஆராய்ச்சியாளர்கள் கணையம் நீக்கப்பட்ட நாய்க்குக் கடும் நீரிழிவு உண்டாவதை நிரூபித்தார்கள்.

இவ்வளவும் அறிந்தபின் என்ன பயன் விளைந்தது என்று கேட்டால், குழந்தைகளைப் பொறுத்தவரையில், ஒரு பயனும் இல்லை என்றே சொல்ல வேண்டும். இரண்டாயிரம் ஆண்டுகளாக எறும்பைப் பார்த்தவர்கள், அதைப் பார்த்துவிட்டுப் பிள்ளையின் மரணத்துக்காகக் காத்திருப்பதைத் தவிர வேறெதுவும் செய்ய இயலாதவர்களாக இருந்தனர். கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் அணுக்களை அவ்வுடலின் காவல் சக்தியே பகையென்று மயங்கி அழித்துவிடுவதனால் வருவது பெரும்பான்மையான குழந்தைகளின் நீரிழிவு. இன்சுலின் இல்லாவிடில் உண்ட ஆகாரத்தின் சர்க்கரை இரத்தத்தில் தேங்குகிறதேயன்றி அங்கங்களுக்குள் புகுவதில்லை. ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் ஏறக்குறைய 180 மில்லிகிராமுக்கு மேல் அது தேங்கும்போது சிறுநீரகம் தடுக்கமாட்டாமல் வெளியே விடுகிறது. வெளியேறும் சர்க்கரை தன்னோடு நீரையும் இழுத்துச் செல்கிறது. பாய் நனைவதும், தாகம் எடுப்பதும், எறும்பு மொய்ப்பதும் இந்த ஒரே காரணத்தின் மூன்று முகங்கள். பட்டினி கிடக்கும் உடல் தன் கொழுப்பையே எரிக்க, அதிலிருந்து உண்டாகும் அமிலங்கள் இரத்தத்தை நஞ்சாக்குகின்றன. 1874-இல் குஸ்மால் என்ற ஜெர்மானியர் வருணித்த அந்த ஆழ்ந்த மூச்சு, அமிலத்தைக் கரியமில வாயுவாக வெளியே தள்ள உடல் செய்யும் கடைசிப் போராட்டம். இளங்குழந்தையின் சரீரம் சிறியது, சேமிப்பு குறைவு. பெரியவருக்கு மாதங்களாகவும் வருஷங்களாகவும் நீளும் நாடகம் இங்கே சில வாரங்களில், சிசுக்களிடத்தில் சில நாட்களில் முடிந்துவிடும்.

இன்சுலினுக்கு முந்திய ஆண்டுகளில் அமெரிக்காவின் ஆலன் என்ற மருத்துவர் கண்டிருந்த உபாயம் பட்டினி. ஆகாரத்தை மிக மிகக் குறைத்து, எலும்பும் தோலுமாகக் குழந்தைகளைச் சில மாதங்கள், சிலரைச் சில ஆண்டுகள் உயிரோடு வைத்திருந்தார்கள். பசியில் அழும் பிள்ளைக்குச் சோறு கொடுப்பதே அதைக் கொல்வது என்று ஒரு தாய்க்குச் சொல்ல வேண்டியிருந்த காலம் அது. டொரண்டோ நகரத்து மருத்துவமனையில் கிடந்த லியோனார்டு தாம்ஸன் என்ற 14 வயதுச் சிறுவனும் அவ்வாறு 30 கிலோவுக்கும் குறைவாக இளைத்திருந்தவன்தான். பேண்டிங், பெஸ்ட் என்ற ஆராய்ச்சியாளர்கள் இருவரும் மாக்லியாட் என்ற பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில் மாட்டுக் கணையத்திலிருந்து எடுத்த இன்சுலின் சாரம் 1922 ஜனவரி 11-ஆம் தேதி அவனுக்கு ஏற்றப்பட்டது. அது மாசு நிறைந்ததாயிருந்ததால் எதிர்பார்த்த பலன் தரவில்லை. காலிப் என்ற ரசாயன நிபுணர் இரவு பகலாக உழைத்துச் சுத்திகரித்த சாரம் ஜனவரி 23-ஆம் தேதி ஏற்றப்பட்டபோது, அவன் இரத்தத்திலிருந்த சர்க்கரை இறங்கியது, அமிலம் குறைந்தது, முகம் தெளிந்தது. அதற்குப் பின் அவன் பதின்மூன்று ஆண்டுகள் வாழ்ந்தான். மருந்தின் உரிமைப் பட்டயத்தைக் கண்டுபிடிப்பாளர்கள் பெயரளவில் ஒரு டாலருக்குப் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தனர். மனித வரலாற்றில் மன்னர்களின் வெற்றிகளை மனப்பாடம் செய்யும் நம் பள்ளிப் பிள்ளைகள் அந்த ஜனவரி 23-ஐயும் அறிந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

சென்னையில் டாக்டர் எம். விசுவநாதன் அரசு ஸ்டான்லி மருத்துவமனையில் 1948-இல் நீரிழிவுக்கென்று ஒரு தனிப் பிரிவைத் தொடங்கி, 1954-இல் ராயபுரத்தில் அவ்வியாதிக்கே உரிய மருத்துவமனை ஒன்றையும் நிறுவினார். அந்த நாட்களில் நோயாளியின் வீட்டு அலமாரியில் ஒரு கண்ணாடிச் சோதனைக் குழாயும், ஸ்பிரிட் விளக்கும், நீல நிறத் திரவம் நிரம்பிய புட்டியும் இருக்கும். பெனடிக்ட் என்ற அமெரிக்க ரசாயனர் இருபதாம் நூற்றாண்டின் முதற்பத்தில் அமைத்துக்கொடுத்த அத்திரவத்தின் நீலம், நம் நாட்டு மருந்துக்கடைகளில் நெடுங்காலமாக அறியப்பட்ட மயில்துத்தத்தின் நீலமே. ஐந்து மில்லிலிட்டர் திரவத்தில் எட்டுத் துளி சிறுநீரை விட்டுக் கொதிக்கவைத்து, நிறம் மாறுவதைக் கண்கொட்டாமல் பார்த்திருப்பார்கள். நீலமாகவே நின்றால் நிம்மதி. பச்சையானால் சிறிது சர்க்கரை. மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறிச் செங்கல் நிறமானால் மிகுதி. எறும்பு ஒரு நாள் முழுதும் எடுத்துக்கொண்டு சொன்னதை அக்குழாய் ஐந்து நிமிஷத்தில் சொன்னது. எழுதப் படிக்கத் தெரியாத தாயும் அந்த வர்ணங்களைப் படித்தாள். கண்ணாடி ஊசிக்குழலைத் தினமும் கொதிநீரில் இட்டு, மழுங்கிய ஊசியைக் கல்லில் தீட்டிப் பிள்ளைக்குப் போட்ட பெற்றோரின் பொறுமையை, மயிரிழை போன்ற ஊசிகளைக் கையாளும் இன்றைய தலைமுறை கற்பனை செய்வதுகூடக் கடினம். 1956-இல் சிறுநீரில் தோய்க்கும் காகிதப் பட்டையும், பின்னர் ஒரு துளி இரத்தத்தில் அளவைச் சொல்லும் குளுக்கோமீட்டரும் வந்தபின், அக்குழாய் அலமாரியிலிருந்து இறங்கியது.

ஆக, கடந்த நூறு ஆண்டுகளில் நிலைமை தலைகீழாகிவிட்டது. அறிந்தும் காக்க முடியாத காலம் போய், காக்க முடிந்தும் அறியாமற்போகிற காலம் வந்திருக்கிறது. மருந்து உண்டு, கருவி உண்டு, பிள்ளையின் பாய் நனைந்ததைக் கண்டு சந்தேகிக்கும் மனம்தான் இல்லை. சர்க்கரை வியாதி வயதானவர்களுக்கு, அதிலும் பருத்தவர்களுக்கு, அதிலும் வசதியுள்ளவர்களுக்கு வருவது என்று நாட்டில் வேரூன்றிய எண்ணம் ஒரு காரணம். எறும்பு மறைந்தது மற்றொரு காரணம். வீட்டுப் புறத்தில் மண்ணிலும் பாறையிலும் பிள்ளைகள் நீர் கழித்த வரையில் மறுநாள் காலை அங்கே கறுத்து ஊரும் வரிசையை யாராவது ஒருவர் கண்டனர். கழிப்பறை வந்து ஒரு வாளி தண்ணீர் அக்குறியைக் கழுவிக்கொண்டு போகிறது. அரைக்கச்சையாகக் கட்டும் டயப்பர் அதைச் சுருட்டிக் குப்பையில் போடுகிறது. சுகாதாரத்துக்கு இவை அவசியமே, இவற்றை நான் குறைகூறவில்லை. முன்பு தானாகக் கண்ணில் பட்டதை இனி முயன்று பார்க்க வேண்டியிருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன். எறும்பு வராததனால் நோயில்லை என்றும் கொள்ளலாகாது. வேறு காரணத்தாலும் அது வரக்கூடும். அது சந்தேகத்தை எழுப்பும் சாட்சி. தீர்ப்புச் சொல்வது இரத்தச் சோதனை. இக்குறிகளோடு, எந்த வேளையில் எடுத்தாலும் 200 மில்லிகிராமோ அதற்கு மேலோ காட்டினால், மறுநாள் பார்க்கலாம் என்று வீட்டுக்கு அனுப்புவதற்கு இடமில்லை. அன்றே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும்.

இத்தாலியில் பார்மா என்ற ஜில்லாவில் 1991-இல் செய்த ஒரு காரியம் இங்கே நினைக்கத்தக்கது. பள்ளிகளிலும் குழந்தை மருத்துவர்களின் அறைகளிலும் ஒரு சுவரொட்டியை ஒட்டினார்கள். முன்பு படுக்கையை நனைக்காதிருந்த பிள்ளை மறுபடியும் நனைக்கிறதா, வழக்கத்துக்கு மிஞ்சித் தண்ணீர் குடிக்கிறதா என்பதே அதன் சாரம். அதற்கு முன் அங்கே புதிதாக நீரிழிவு கண்ட குழந்தைகளில் 100-க்கு 78 பேர் இரத்தம் அமிலமாகிய அபாய நிலையில்தான் வந்துசேர்ந்தார்கள். பின்வந்த ஆண்டுகளில் அது 12.5 ஆகக் குறைந்தது. புதிய மருந்து எதுவும் அங்கே தரப்படவில்லை. ஆசிரியர்களும் தாய்மாரும் நனைந்த படுக்கையை வேறு கண்ணோடு பார்த்தார்கள்.

நம் பக்கத்திலும் அத்தகைய பார்வைக்கு ஒரு மரபு உண்டு. கோடைக்கானல் மதுரை மாவட்டத்தின் பகுதியாக இருந்த காலத்தில், 1980-இல், தமிழ்நாட்டு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் அம்மாவட்டத்தில்தான் முதலில் தொடங்கியது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளை மாதந்தோறும் தராசில் நிறுத்தி, எடை ஏறாத பிள்ளையைக் கண்டுபிடித்து உணவளிப்பது அதன் முறை. தொங்கும் தராசும், அட்டையில் வரைந்த வளைகோடும் கிராமத் தாய்மாருக்குப் பழக்கமானது அதன் மூலந்தான். இன்று அங்கன்வாடியில் அதே தராசு இருக்கிறது. எடை குறைந்த குழந்தைக்குச் சத்துமாவு கொடுக்கும் ஊழியர், "தண்ணி ரொம்பக் குடிக்கிறானா? ராத்திரி பாயை நனைக்கிறானா?" என்று இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேட்டால், பட்டினியால் மெலிந்த பிள்ளையும் சர்க்கரையால் மெலிந்த பிள்ளையும் அங்கேயே பிரிந்துவிடுவார்கள். 2021 ஆகஸ்டு 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டத்தினால் குளுக்கோமீட்டர் பெரியவர்களின் சர்க்கரையை அளக்க வீட்டு வாசலுக்கே வருகிறது. அப்பத்தாவின் இரத்தத்தை அளக்கும் அதே கருவி பேரனின் இரத்தத்துக்கும் போதும். குத்திப் பார்க்க வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்ற வேண்டும், அவ்வளவே.

மெலிந்த பிள்ளைகளின் நீரிழிவு எல்லாம் ஒரே வகை அன்று என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பிறந்து ஆறு மாதத்துக்குள் வருவது பெரும்பாலும் ஒரே மரபணுவின் பிழையினால் நேர்வது; அவர்களில் சிலர் ஊசியை விட்டு மாத்திரைக்கே மாறிவிடலாம் என்பது இந்த நூற்றாண்டில் கண்ட விசேஷம். பால்யத்தில் பட்டினி கிடந்ததன் விளைவாக இளமையில் தோன்றும் மற்றொரு வகையைப் பற்றி வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆராய்ச்சியாளர்கள் நெடுங்காலம் உழைத்தனர். 2025-இல் சர்வதேச நீரிழிவுச் சம்மேளனம் அதனை ஐந்தாம் வகை என்று ஏற்றுக்கொண்டது. வகை எதுவானாலும், முதலில் அடையாளம் காணப்பட வேண்டியது சர்க்கரை; வகுத்துப் பார்ப்பது மருத்துவமனையில் பிறகு நடக்கும்.

மருந்து தொடங்கிய பின்னும் மலைவாழ்க்கை அதற்குப் பகையன்று. இன்சுலினைக் குளிர்ச்சியில் வைக்க வேண்டும், உறையவும் விடக்கூடாது. குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீடுகளில், ஈர மணலிட்ட மண்பானைக்குள் வேறொரு சிறு மண்கலத்தை வைத்து அதற்குள் புட்டியைக் காப்பாற்றும் வழக்கத்தை வறண்ட சமவெளியில் வாழும் ஏழைகள் கண்டிருக்கிறார்கள். பழனி மலையின் காற்று அப்பானைக்கு இன்னும் உதவி செய்யும். நாள்தோறும் ஊசியும், வேளை தவறாத ஆகாரமும், சர்க்கரை மிகவும் இறங்கிவிட்டால் உடனே வாயிலிட ஒரு பிடி வெல்லமோ கற்கண்டோ பையில் இருப்பதும் கூடிவந்தால், அப்பிள்ளை காப்பித் தோட்டத்துச் சரிவில் மற்றப் பிள்ளைகளோடு ஓடியாடி வளரும்.

எனவே இப்பிள்ளையின் விஷயத்தில் டோலியைக் காட்டிலும் முந்திப் புறப்பட வேண்டியது ஒரு வார்த்தை. பாய் மறுபடி நனைந்த வாரத்திலேயே, மிதமிஞ்சிய தாகம் கண்ட நாளிலேயே, உண்டும் இளைக்கிறதே என்று தோன்றிய பொழுதிலேயே, இடுப்பு மடிப்பில் வெண்மை படர்ந்த புண் ஆறாமல் திரும்பத் திரும்ப வரும்போதே, அதைச் சொன்னால் பிள்ளை தகப்பன் தோளில் அமர்ந்து, வழியில் தெரியும் பறவைகளைக் கேட்டுக் கேட்டு, பொழுதோடு மருத்துவமனை போய்ச் சேரும். வாந்தியும் ஆழ்ந்த மூச்சும் தொடங்கிய பின் ஒவ்வொரு திருப்பமும் ஒரு காதமாக நீளும். அவ்வேளையில் தூக்கிச் செல்வோரின் கால்வேகம் போதாது. அங்கே காத்திருக்கும் மருத்துவர், அது கோடைக்கானலிலாயினும் பெரியகுளத்திலாயினும், பெற்றோரிடம் காய்ச்சல் எத்தனை நாளாக என்று கேட்பதோடு நிறுத்திவிடாமல், பின்னால் முக்காட்டுடன் ஒதுங்கி நிற்கும் கிழவியையும் அருகே அழைக்க வேண்டும். இரவில் பிள்ளையைத் தன் போர்வைக்குள் அணைத்துப் படுத்தவள் அவள். "ராத்திரி எத்தனை தடவை எழுந்தான் ஆத்தா? எத்தனை தடவை தண்ணி கேட்டான்?" என்று அவளிடம் கேட்டால், அவள் விரல் விட்டு எண்ணிச் சொல்வாள்.